நாலு மணிக்கு வர்ற மாடி

சிரிங்கடா, நல்லாச் சிரிங்க. சோலார் கம்பெனியில வேலைக்குச் சேந்து எங்க ஊர் வெயில அறுத்துக் கட்டி வெளியூருக்கு அனுப்புற பயலுக நீங்க, உங்களுக்கு நிழலோட அருமை எங்கடா தெரியப் போகுது. டேய் ரசூலு, அந்த வடையக் கீழ வச்சிட்டு நீ கேட்ட கேள்விய மறுபடி கேளு. ஊரே ஜில்லுன்னு நிழல்ல உக்காந்திருக்கு, மைக்செட்டு மண்டையில மட்டும் ஏன் ரவுண்டா வெயில் அடிக்குது, மேடையில டான்ஸ் ஆடுறவன் மாதிரி? இதானே கேட்ட? பதில் வேணும்னா கடைசி வரைக்கும் உக்காரணும். நடுவுல எந்திரிச்சுப் போறவனுக்கு நாளையிலேருந்து டீயில சீனி கிடையாது, சொல்லிட்டேன்.

என் பேரு சேது. மைக்செட்டுங்கிறது ஊர் வச்ச பேரு, ஏன் வச்சாங்கன்னு இதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நான் மூணு காலேஜ்ல சேந்து மூணுலயும் முடிக்காம வந்தவன். காலேஜ் கதவு உள்பக்கம் தொறக்குதா வெளிப்பக்கம் தொறக்குதான்னு பாக்கப் போனவன்னு எங்கப்பா என்னைய ஆளுககிட்ட அறிமுகப்படுத்துவாரு.

எங்க ஊரு வெயிலுகந்தபொட்டல். பேர வச்சவன் நக்கல் புடிச்சவன். சீமைக்கருவேலத்தத் தவிர வேற மரம் கிடையாது, அதோட நிழல் சல்லடையில சலிச்ச மாதிரி விழும், அதுல உக்காந்தா உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா வெந்து எந்திரிக்கலாம். இந்த ஊர்ல குண்டு மொளகா யாவாரம் பண்ணி வசதியான கோட்டைச்சாமி, தன்னோட ஆத்தா ராக்காயி பேர்ல பொம்பளப்புள்ளைகளுக்கு ஒரு காலேஜ் கட்டணும்னு ஆசப்பட்டு, மூணு அடுக்குக்கு பிளான் போட்டு, மூணு அடுக்கும் கட்டி முடிச்ச மாதிரி பைபாஸ்ல படம் போட்ட போர்டும் வச்சு, அதே மாதிரி அனுமதி கேட்டு டெல்லிக்கும் எழுதிப் போட்டு, கீழ் அடுக்கக் கட்டி முடிச்சு, அதுல கிளாஸும் ஆரம்பிச்சு, மேல போகப் படிக்கட்டும் கட்டி, தூண் கம்பியெல்லாம் வானத்தப் பாக்க நீட்டி விட்ட நேரத்துல மழை பொய்ச்சு, மொளகாச் செடி காஞ்சு, யாவாரம் படுத்து, கொத்தனாருக அம்புட்டுப் பேரும் மதுரப் பக்கம் போயிட்டாங்க. படிக்கட்டு மட்டும் எங்க போறதுன்னு தெரியாம ஆகாசத்துல ஏறி நின்னுச்சு.

அப்ப ஒரு நாள் சாயங்காலம், சூரியன் காலேஜுக்குப் பின்னாடி இறங்குற நேரத்துல, முன்னாடி கெடக்குற பொட்டல்ல காலேஜோட நிழல் விழுந்துச்சு. விழுகத்தானே செய்யும், அதுல என்ன. ஆனா ஒத்த அடுக்குக் கட்டடத்துக்கு மூணு அடுக்கு நிழல் விழுந்துச்சு. ஜன்னலு, வராண்டா கம்பி, மேல்மாடிக் கைப்பிடிச் சுவரு, அதுல காயப் போட்டுருக்குற தாவணி வரைக்கும் நிழலு. நிமிந்து பாத்தா வானம், குனிஞ்சு பாத்தா மாடி.

மொதல்ல பாத்தது ஆடுக. இருளாயி அக்கா மேய்ச்சலுக்குப் பத்திட்டுப் போன ஆடுக வழக்கமா நிக்கிற எடத்தத் தாண்டி மேல்மாடி நிழல்ல போய்ப் படுத்து அசை போட ஆரம்பிச்சிருச்சுக. அக்கா தொரட்டிக் கம்ப ஊனிக்கிட்டு நின்னு பாத்துட்டு, காலேஜ் வாசலுக்குப் போயி, "கோட்டைச்சாமியண்ணே, உங்க மாடி வந்துருச்சு, வந்து பாருங்க"ன்னாங்க. அவரு வெளிய வந்து மேல பாத்தாரு, கீழ பாத்தாரு, "சரி, மிச்சமும் பின்னாடி வரும்"னு சொல்லிட்டு காப்பி குடிக்க உள்ள போயிட்டாரு. அம்புட்டுதான்டா ஆச்சரியம். அதுக்கு மேல ஆச்சரியப்பட எங்க ஊர்ல யாருக்கும் நேரமில்ல, நிழல்ல எடம் புடிக்கணும்ல?

புடிச்சாங்க. கீழ் அடுக்கு நிழல் காலேஜோட சொந்த நிழலு, அது புள்ளைக சைக்கிளுக்குன்னு விட்டாங்க. நடுமாடி நிழல்ல நான் டீக்கடை போட்டேன், எனக்குப் பக்கத்துல முடிவெட்டுற கடை, அதுக்குப் பக்கத்துல மகளிர் குழு, அதுக்கும் அந்தப் பக்கம் சீட்டாட்டம். மேல்மாடி நிழல்ல ஆடு, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க, பொண்ணு பாக்க வந்தவங்க. ஜன்னல் நிழலுக்கு நடுவுல சதுரம் சதுரமா வெயில் விழும்ல, அந்தச் சதுரத்துல பொம்பளைக மொளகா காயப் போட்டாங்க, ஆளுக்கொரு ஜன்னலு, இது என் ஜன்னலு அது உன் ஜன்னலுன்னு சண்டையும் போட்டாங்க. கண்டக்டர் பஸ்ஸ நிறுத்தி "மேல்மாடியெல்லாம் எறங்கு"ன்னு சத்தம் குடுப்பாரு, எறங்குறவங்க எறங்குவாங்க. ஆரம்பத்துல பெரிய மனுசங்க சில பேரு, அவன் இங்க உக்காரக் கூடாது இவன் அங்க உக்காரக் கூடாதுன்னு கோடு போட்டுப் பாத்தாங்க. ஆனா நிழலு ஒரு எடத்துல நிக்கிற சாமானா? நீ கோடு போட்டு உக்காந்து ஒரு பீடி குடிக்கிறதுக்குள்ள அது நகந்து போகும், நீயும் பின்னாடியே நகரணும், நகந்தா பக்கத்து ஆள் தோளு இடிக்கும். நாலு மணி நிழலுதான் பொட்டல்ல சமமான தரையில முழுசா விழும், அதனால நாலு மணிக்கு எல்லாரும் எல்லாரையும் இடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்தாங்க. கோடு போட்டவங்க கோட்டத் தேடிப் பாத்துட்டு விட்டுட்டாங்க.

மேல்மாடி நிழலோட ஓரத்துல மட்டும் யாரும் உக்கார மாட்டாங்க. ஏன்னா அங்க கிளாஸ் நடக்கும். ஒரு பொம்பள நிழலு, கை நீட்டிப் பாடம் எடுக்கும், போர்டுல எழுதும், திரும்பும். கொண்டையில ஒரு குச்சி சொருகியிருக்கும், சாக்பீஸோ பேனாவோ, ஆணி அடிச்ச மாதிரி நீட்டிக்கிட்டுத் தெரியும். மாடி டீச்சர்னு பேரு வச்சோம். அந்தப் பக்கம் போறவங்க செருப்பக் கையில எடுத்துக்குவாங்க. அழுகுற புள்ளைய, "உஸ், மாடி டீச்சர் பாடம் எடுக்குறாங்க"ன்னு அமத்துவாங்க. இருளாயி அக்கா ஆட்டுக்கே அத சொல்லிக் குடுத்துருச்சு, எந்த ஆடும் அந்த எடத்த மிதிக்காது. முதல் மொளகா அறுத்தா ஒரு கை கொண்டாந்து அந்த ஓரத்துல வச்சிட்டுக் கும்பிட்டுட்டுப் போவாங்க. யாரு என்னன்னு கேக்கல. வெயில்ல நின்னவனுக்கு எடம் குடுத்த வீட்டுல டீச்சர் பேரு என்னன்னா கேப்பான்?

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வாரேன். எனக்கு ஒரு தங்கச்சி, மங்களேஸ்வரி. எனக்கு மங்கா. நான் முடிக்காத மூணு காலேஜுக்கும் சேத்து அவ ஒருத்தியே படிச்சா, அதே ராக்காயி காலேஜ்ல, பி.ஏ. இங்கிலீஷ், கடைசி வருசம். எங்க ஊருக்கு திங்கக்கெழம காலையில மில்லு வேன் வரும், பொம்பளப்புள்ளைகள நூல் மில்லுக்கு ஏத்திட்டுப் போக. ஏறிப் போற புள்ளைக கன்னத்தோட போகும், வரும்போது கன்னம் இருக்காது. எங்கப்பா சொல்லிட்டாரு, "காலேஜ் இருக்குற வரைக்கும் படி தாயி, யாரு வேணாம்னா. மூடிட்டாங்கன்னா அடுத்த திங்கக்கெழம வேனு." அவரு கெட்ட மனுசன் இல்லடா. என்னையப் படிக்க வச்சு ஏமாந்தவரு.

காலேஜ மூடுறதுக்கு நாளும் வந்துச்சு. அக்ரெடிடேஷன்னு ஒண்ணு உண்டு, கமிட்டி வந்து பாத்து, இது காலேஜுதான்னு ஒத்துக்கிடணும். அது இல்லன்னா புள்ளைக படிச்ச படிப்பு படிப்பே இல்ல, அடுத்த வருசம் அட்மிஷனும் இல்ல. எழுதிக் குடுத்ததுல மூணு அடுக்குன்னு இருக்கு, வந்து பாத்தா ஒண்ணுதான் நிக்கிது. கோட்டைச்சாமி யோசிச்சு, "சாயங்காலம் நாலு மணிக்கு வரவும்"னு கமிட்டிக்கு எழுதிப் போட்டாரு. அந்த நேரத்துக்குத்தானே மாடி வரும்.

அவங்க வந்தது உச்சி வெயிலுக்கு. ராமநாதபுரத்துல சாயங்கால ரயிலப் புடிக்கணுமாம்.

உச்சி வெயில்ல நிழலு நாய்க்குட்டி மாதிரி கட்டடத்துக்கு அடியில சுருண்டு படுத்துக்கும்டா. கார்லேருந்து எறங்குன தலைவரம்மா பேரு ரேணுகாதேவி, வெள்ளை முடி, கண்ணாடி, குடைய ஊன்றுகோல் மாதிரி புடிச்சுக்கிட்டு வந்தாங்க. கூட ரெண்டு சாரு. அந்தம்மா கட்டடத்தப் பாத்தாங்க, கையில இருந்த ஃபைலப் பாத்தாங்க.

"மீதி ரெண்டு மாடி எங்க சார்?"

"சாயங்காலம் வரும்மா"ன்னாரு கோட்டைச்சாமி.

"இப்ப எங்க போயிருக்கு?"

அவரு குனிஞ்சு தரையப் பாத்தாரு. மங்கா ஓடி வந்து என் சட்டையப் புடிச்சு இழுத்தா. "அண்ணே, நாலு மணி வரைக்கும் அவங்கள உக்கார வைக்கணும். ஊருக்குள்ள உன் வாய விட்டா வேற வழியில்ல. போ, மைக்கப் புடி."

"என்னத்தடி பேசுறது?"

"தெனமும் டீக்கடையில என்னத்தப் பேசுறியோ அதையே பேசு, மரியாதையா பேசு."

புடிச்சேன்டா மைக்க. வராண்டாவுல மேடை, பொன்னாடை போத்துற நிகழ்ச்சி. எவனும் பொன்னாடைய வேணாம்னு எந்திரிச்சுப் போக முடியாது, மரியாதைக்கொறச்சல் ஆயிரும். பால் சொசைட்டி தலைவர் போத்துனாரு, கபடி டீம் போத்துச்சு, ஆட்டோ ஸ்டாண்டு போத்துச்சு, மகளிர் குழு ஒவ்வொருத்தரா வந்து போத்துச்சு, போத்துன ஒவ்வொருத்தரப் பத்தியும் நான் வாழ்க்கை வரலாறு சொன்னேன், பொறந்தப்ப எம்புட்டு எடை இருந்தாங்கங்கிறது வரைக்கும். பொன்னாடை தீந்துபோச்சு. இருளாயி அக்கா நாற்காலிக்குப் பின்னாடி தவழ்ந்து வந்து, அவங்க கழட்டி வச்சத உருவி உருவி முன்னாடி அனுப்புச்சு.

"ஏன்ப்பா, இந்தக் காப்பிக் கறைய நான் ஏற்கெனவே பாத்த மாதிரி இருக்கே"ன்னாங்க ரேணுகாதேவியம்மா.

"எங்க ஊரு ஸ்பெஷல் டிசைன் மேடம், கறை இல்லாத பொன்னாடைய இங்க போலின்னு சொல்லுவோம்."

அந்தம்மா சிரிச்சுட்டாங்க. பக்கத்து சாரு வாட்சப் பாத்தாரு. பொட்டல்ல நிழலு மெதுவா வெளிய வந்து கைகால் நீட்ட ஆரம்பிச்சுச்சு, கீழ் அடுக்கு வந்துச்சு, நடுமாடி ஜன்னல் எட்டிப் பாக்குது, இன்னும் கொஞ்ச நேரம்தான், இன்னும் ரெண்டே ரெண்டு பொன்னாடைதான். அந்த நேரம் பாத்து மேற்கால ஒரு மேகம் ஏறுச்சு.

மழைக்காக எங்க ஊரு பண்ணாத வேலை இல்ல. கழுதைக்குக் கல்யாணம் பண்ணோம், கொடும்பாவி கட்டி இழுத்தோம். அப்பெல்லாம் வராத மேகம், அன்னைக்கு, அந்த நிமிசத்துக்கு, கருகருன்னு வந்து சூரியன மூடுச்சு. நிழலு அழிஞ்சு போச்சு, பலகையில எழுதுனத ஈரத்துணியால தொடச்ச மாதிரி. மழை மேகத்தப் பாத்து ஒரு ஊரே மண்ணள்ளித் தூத்துனது உலகத்துல அன்னைக்குத்தான் நடந்திருக்கும். "போ சனியனே, நாளைக்கு வா"ன்னு இருளாயி அக்கா தொரட்டிய ஆட்டி மேகத்த வெரட்டுச்சு.

அப்பத்தான் ஊரு ஒரு காரியம் செஞ்சுச்சு. யாரும் யாருக்கும் சொல்லல. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, பொட்டலுக்குப் போயி, தெனமும் நாலு மணிக்கு உக்கார்ற அவங்கவங்க எடத்துல உக்காந்தாங்க. "எடத்த நாம புடிச்சு வச்சாத்தான் அது வந்து விழும், நாமளே இல்லாட்டி அது எங்க வந்து விழுகும்"னு முடிவெட்டுற முனியாண்டியண்ணன் சொல்லிட்டு நாற்காலியத் தூக்கிக்கிட்டுப் போனாரு. சீட்டாடுறவங்க சீட்டில்லாம வட்டமா உக்காந்தாங்க. எங்கப்பாவும் போனாரு, அவரு எடம் மேல்மாடிக் கைப்பிடிச் சுவரு.

மழை பிடிச்சுச்சு. சின்ன மழை இல்ல, வராம இருந்த மழையெல்லாம் சேத்து வந்த மழை. நான் வராண்டாவுல மைக்குகிட்ட நின்னுக்கிட்டேன், கரண்டு சாமான்ல, நனைஞ்சா ஷாக் அடிச்சிரும்ல.

ரேணுகாதேவியம்மா ஃபைல மூடி எந்திரிச்சாங்க. கோபமில்ல, சோர்வுதான். "சார், நான் எத்தனையோ காலேஜ் பாத்திருக்கேன். வாடகைக்குப் பூந்தொட்டி வாங்கி வைப்பாங்க, வாடகைக்கு வாத்தியார்கூட வைப்பாங்க. வாடகைக்கு நிழல் வச்ச காலேஜ இப்பத்தான் பாக்குறேன். இல்லாதத இருக்குன்னு நான் எப்படி அக்ரெடிட் பண்றது?"

அப்ப இங்கிலீஷ் டீச்சர் பிலோமினா மிஸ் முன்னாடி வந்தாங்க. ஓரியூர்ப் பக்கத்துக்காரங்க, குரலே வெளிய வராது, அட்டெண்டன்ஸ் எடுத்தாலே மன்னிப்புக் கேக்குற மாதிரி இருக்கும். "மேடம், அந்த வார்த்தையே அதுக்குத்தானே வந்துச்சு?"ன்னாங்க.

"எந்த வார்த்தை?"

"உங்க ஃபைல் மேல இருக்குற வார்த்தை. அது மொதல்ல காலேஜுக்கு வந்த வார்த்தை இல்ல மேடம். தூதருக்கு வந்தது. ராஜா இன்னொரு நாட்டுக்கு நேர்ல போக மாட்டாரு, ஒரு ஆள அனுப்புவாரு, கையில ஒரு கடிதம் குடுத்து. இவர் சொல்றத நானே சொன்னதா நம்புங்கன்னு. அந்த ஆள நம்பி உள்ள விடுறதுக்குத்தான் பிரெஞ்சுக்காரங்க அந்த வார்த்தைய வச்சிருந்தாங்க, அங்கேருந்து இங்கிலீஷுக்கு வந்துச்சு. ராஜா வந்ததுக்கப்புறம் அந்த வார்த்தைக்கே வேலை இல்ல மேடம். வராத ராஜாவுக்காக, வந்த ஆள ஏத்துக்கிறதுதான் அது. எங்க மாடியும் இன்னும் வரல. அதோட ஆளு தெனமும் நாலு மணிக்கு வந்து போகுது."

"அந்தத் தூதரும் இப்ப மழைக்கு ஒதுங்கிட்டாரே டீச்சர்"னாங்க அந்தம்மா. பக்கத்து சாரு ரெண்டு பேரும் சிரிச்சாங்க. பிலோமினா மிஸ் சிரிக்கல.

"அதுக்கும் பின்னாடி போனா லத்தீன் மேடம், நம்புறதுன்னு அர்த்தம். அதுக்கும் அடியில தோண்டுனா ரெண்டு துண்டு கெடைக்குது. ஒண்ணு இதயம், இன்னொண்ணு வைக்கிறது. இதயத்த ஒரு எடத்துல வைக்கிறது. நாம சிரத்தைன்னு சொல்றோம்ல, அதுவும் அதே வயித்துல பொறந்ததுதான்னு படிச்சவங்க சொல்றாங்க."

கோட்டைச்சாமி தோளுத்துண்டக் கையில எடுத்துட்டாரு. "இதத்தானம்மா நான் மத்தியானத்துலேருந்து தமிழ்ல கெஞ்சிக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் மனசு வைங்கன்னு."

அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. "வைக்கிறதுக்கு ஒரு எடம் வேணும்ல சார். காத்துலயா வைக்க முடியும்?"

மங்கா சொன்னா, "மேல வாங்க மேடம்."

எங்க போறதுன்னு தெரியாம ஆகாசத்துல நின்ன படிக்கட்டுல மங்கா முன்னாடி ஏறுனா, எழுதிக்கிட்டு இருந்த பேனாவக் கொண்டையில சொருகிக்கிட்டு, ரேணுகாதேவியம்மா பின்னாடி ஏறுனாங்க, நான் அவங்க குடையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஏறுனேன். படி முடிஞ்ச எடத்துல, நீட்டிக்கிட்டு நின்ன கம்பிகளுக்கு நடுவுல நின்னு கீழ பாத்தோம்.

நானும் அன்னைக்குத்தான்டா மேலேருந்து பாத்தேன். பொட்டல்ல நிழல் இல்ல, வெயில் இல்ல, கொட்டுற மழை. அந்த மழையில ஒருத்தரும் எந்திரிக்காம உக்காந்திருந்தாங்க. உக்காந்திருந்த ஆளுகளே மூணு அடுக்கா இருந்தாங்க. மொளகா காயப் போடுற எடத்த யாரும் மிதிக்க மாட்டாங்கல்ல, அந்த எடமெல்லாம் சதுரம் சதுரமா ஜன்னலா இருந்துச்சு. எங்கப்பாவும் அவரு சேக்காளிகளும் வரிசையா உக்காந்திருந்தது கைப்பிடிச் சுவரு. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க தூணு. மேல்மாடி ஓரத்துல மட்டும் ஒரு அறை அளவுக்கு வெறும் தரை, அதச் சுத்தி ஆடுக நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சுக, ஒண்ணுகூட உள்ள கால் வைக்கல. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, கட்டடம் அசையல.

ரேணுகாதேவியம்மா கம்பியப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தாங்க. "ஏம்மா அங்க மட்டும் காலியா இருக்கு?"ன்னு ஓரத்தக் காட்டுனாங்க.

"கிளாஸ் நடக்குது மேடம்"னா மங்கா.

அந்தம்மா தலைய ஆட்டிக்கிட்டாங்க, ஏதோ அவங்களுக்கே தெரிஞ்ச விசயம் மாதிரி. அப்புறம் குடைக்கு வெளிய கையை நீட்டி, "அங்க நடுமாடியில, நடுவுல ஒரு ஓட்டை இருக்கே, ஒரு ஆளு அளவுக்கு. அது என்ன?"ன்னாங்க.

நான் வாயத் திறந்தேன், சத்தம் வரல. பொறந்ததுலேருந்து அன்னைக்கு ஒரு தடவதான் மைக்செட்டுக்குக் கரண்டு போச்சு. மங்கா என்னையத் திரும்பிக்கூடப் பாக்காம, "அது வெண்டிலேட்டர் மேடம்"னா.

ரயிலு போயிருச்சு. அவங்க போகல. கீழ எறங்கி வந்து, நனைஞ்ச சேலையோட உக்காந்து எழுதுனாங்க. என்ன எழுதுனாங்க, ஒரு மாடியா மூணா, எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல. கையெழுத்துப் போட்டுட்டு, "நாளைக்கு வெயில் வருமா சார்?"ன்னாங்க.

"அது ஒண்ணுதாம்மா எங்க ஊருக்கு நேரம் தவறாம வரும்"னாரு கோட்டைச்சாமி, அழுதுக்கிட்டே.

போகும்போது அந்தக் காப்பிக் கறை பொன்னாடைய மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. ஒரு மாசம் கழிச்சு கிரேடு வந்துச்சு, சி. பாஸ் போடுறதுலயே கடைசி கிரேடு. அந்த சி-க்கு எங்க ஊரு தீவாளிக்கு வாங்கி வச்ச வெடியெல்லாம் போட்டு, முனியாண்டியண்ணன் ஒரு வாரத்துக்கு எல்லாருக்கும் ஓசியில முடி வெட்டுனாரு, ஆசையில எனக்கு ரெண்டு தடவ வெட்டி விட்டுட்டாரு. மில்லு வேன் திங்கக்கெழம வந்துச்சு, ஹாரன் அடிச்சுச்சு, எங்கப்பா வாசல்ல நின்னு, "எங்க புள்ள காலேஜுக்குப் போயிருச்சு தம்பி, நீ வண்டிய எடு"ன்னாரு. அவரு அம்புட்டு மரியாதையா ஒருத்தர்கிட்டப் பேசி நான் கேட்டதே இல்ல.

அதுக்கப்புறம் மழை பேஞ்சு, மொளகா வெளஞ்சு, கொத்தனாருக திரும்பி வந்து, படிச்சுட்டுப் போன புள்ளைகளும் கை குடுத்து, நடுமாடி ஏறுச்சு, மேல்மாடி ஏறுச்சு. ஏறுனது எங்களுக்குத் தெரியவே இல்லடா, சத்தியமா, ஏன்னா கீழ நிழலு மாறவே இல்ல, அதே ஜன்னலு, அதே கைப்பிடிச் சுவரு, அதே எடத்துல. நிமிந்து பாத்துத்தான் ஓஹோன்னு சொல்லிக்கிட்டோம். அன்னைக்கு ஊரே செருப்பக் கழட்டிட்டு நின்னு மேல பாத்துக் கும்பிட்டுச்சு, அப்புறம் கீழ பாத்தும் கும்பிட்டுச்சு. மொதல்ல வந்தது அதுதானே.

மங்கா மேல படிச்சுட்டு வந்து அங்கேயே டீச்சர் ஆனா. மேல்மாடி, ஓரத்து கிளாஸு. அவ மொதநாள் பாடம் எடுத்த சாயங்காலம் நான் டீ ஆத்திக்கிட்டே சும்மா திரும்புனேன். மாடி டீச்சர் வழக்கம்போல கை நீட்டிப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க, போர்டுல எழுதுனாங்க, சாக்பீஸக் கொண்டையில சொருகுனாங்க. நான் நிமிந்து ஜன்னலப் பாத்தேன். எங்க வீட்டுக் கொண்டை. எங்க வீட்டுக் குச்சி. எம்புட்டு வருசமா ஊரு அவளுக்குத்தான் மொளகா வச்சுக் கும்பிட்டிருக்கு, அவ சைக்கிள நிறுத்திட்டு அவளே கும்பிட்டுட்டுத்தான் கிளாஸுக்குப் போயிருக்கா. டீ கையில கொட்டிருச்சு, வலிக்கவே இல்ல.

இப்ப உன் கேள்விக்கு வாரேன் ரசூலு. கொத்தனாரு கட்டும்போது நடுமாடியில வெண்டிலேட்டர் எதுவும் வைக்கல, நீ இப்பப் போயித் தடவிப் பாரு, கெட்டிச் சுவரு. ஆனா நிழல்ல மட்டும் அந்த ஓட்டை அப்படியே இருக்கு, ஒரு ஆளு அளவுக்கு, சரியா என் எடத்துல. கடைய நகத்திப் பாத்தேன், அதுவும் கூடவே நகந்து வந்துருச்சு. சுவத்துக்கு ரெண்டு தடவ பூச்சு பூசிப் பாத்தாரு கோட்டைச்சாமி. ஒண்ணும் நடக்கல, துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன்.

இரு, அஞ்சு மணி ஆகப்போகுது. கிளாஸ் முடியும். அந்தா, மங்கா மேல்மாடியிலேருந்து எறங்குறா பாரு, நடுமாடி வராண்டாவுக்கு வருவா, அந்தச் சுவத்துகிட்ட வந்து கொஞ்ச நேரம் சாஞ்சு நிப்பா, பேப்பர் திருத்துறேன்னு சொல்லுவா. தெனமும் இதே கதைதான். கெட்டிச் சுவரு, அவ நின்னா என்ன நிக்காட்டி என்னன்னு கேப்பீங்க. இப்ப என் மண்டையப் பாருங்க. வெயில் போச்சா? அது அவ நிழலுடா. ஒரு வார்த்தை கேட்டதில்ல என்னைய, சொல்லிக் காட்டுனதும் இல்ல.

அன்னைக்கு எடத்துல போயி உக்காருண்ணேன்னு அவ கூப்பிடத்தான் செஞ்சா. மைக்கு நனைஞ்சிரும்னேன். மைக்குக்கு மழை வர்றதுக்கு முன்னாடியே கவர் போட்டாச்சு. எனக்கு நம்பிக்கை இல்ல, அதான்டா போகல. ஊர்ல மனசு வைக்காத ஒரே ஆளு நான்தான்.